பெரிய வருடமும் சின்ன வருடமும்

போர்தோவுக்குப் படிக்க வந்து நான்கு வருடம் ஆகிறது. இந்த ஊரில் யாரும் ஒயினின் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்துவதில்லை. பெயரைச் சொன்னவுடன் அடுத்த கேள்வி, "எந்த வருடம்?" 1961 என்று பதில் வந்தால் கேட்டவர் முகம் மலரும். 1963 என்றால் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் பேச்சை மாற்றுவார். நம்மூரில் ஜாதகம் பார்ப்பதற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நட்சத்திரம் சரியில்லை என்றால் பையன் எவ்வளவு நல்லவனாக இருந்து என்ன புண்ணியம்?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய பிரெஞ்சு சிவப்பு ஒயின்களில் புகழ்பெற்ற வருடங்களுக்குக் கொடுக்கும் மரியாதை மிக அதிகம், சுமாரான வருடங்களுக்குக் கொடுப்பது மிகக் குறைவு. பெரிய வருடம் என்பது பாதி தரச் சான்றிதழ், மீதி பாதி "காத்திரு" என்ற உத்தரவு. அந்த உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து கடைசியில் வெறும் துவர்ப்பைக் குடித்தவர்கள் இந்த ஊரில் நிறைய. (குடிப்பழக்கம் இல்லாத நண்பர்கள் இதை ஒரு ரசாயனக் கட்டுரையாகப் படித்துக்கொள்ளலாம். நான் படிப்பதும் அதுதான்.)

வருடத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. போர்தோ அட்லாண்டிக் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏப்ரலில் உறைபனி வந்தால் மொட்டு கருகும். ஜூனில் பூக்கும் நேரம் மழையும் குளிரும் இருந்தால் காய் பிடிக்காது. எல்லாம் நன்றாக நடந்து செப்டம்பர் கடைசியில் ஒரு வாரம் மழை கொட்டினால் பழம் தண்ணீரை உறிஞ்சி ஊதிவிடும், அல்லது அழுகிவிடும். கலிபோர்னியா மாதிரி வருடா வருடம் ஒரே வெயில் என்ற சௌகரியம் இங்கே கிடையாது.

இதில் இன்னொரு சிக்கல். இங்கே ஒயின் பெரும்பாலும் இரண்டு மூன்று திராட்சை வகைகளின் கலவை. மெர்லோ முன்னதாகப் பழுக்கும், கபர்னே சொவிஞோன் தாமதமாக. ஆற்றின் இடது கரையான மெதோக்கில் கபர்னே ராஜா. வலது கரையான பொமெரோல், சேந்தெமிலியோன் பக்கம் மெர்லோ. ஆகவே மழை எந்த வாரத்தில் வந்தது என்பதைப் பொறுத்து ஒரே வருடம் ஒரு கரைக்கு யோகமாகவும் மறு கரைக்குச் சனியாகவும் அமையும். 1996ல் மெதோக் பிரமாதம், வலது கரை அவ்வளவு இல்லை. 1998ல் அப்படியே தலைகீழ். "1998 எப்படி?" என்று ஒருவர் கேட்டால் "எந்தக் கரை?" என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்பவரை நம்பாதீர்கள்.

இதற்கு 1964ஐ விட நல்ல உதாரணம் கிடையாது. அந்த வருடம் அறுவடைக்கு முன்பே விவசாய அமைச்சர் இது நூற்றாண்டின் விண்டேஜ் என்று அறிவித்துவிட்டார். அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. அதற்குள் பறித்து முடித்திருந்த ஷாத்தோ லத்தூர் அருமையான ஒயின் செய்தது. இன்னும் பழுக்கட்டும் என்று காத்திருந்த லஃபித்தும் மூத்தோனும் மழையில் மாட்டிக்கொண்டன. மூன்றும் ஒரே ஊரைச் சேர்ந்தவை. மூன்று லேபிளிலும் 1964 என்றுதான் போட்டிருக்கும். இப்போது சொல்லுங்கள், 1964 நல்ல வருடமா, கெட்ட வருடமா?

சரி, ஒயின் ஏன் முதிர வேண்டும் என்ற விஷயத்துக்கு வருவோம். இங்கே தமிழ் தெரிந்தவர்களுக்கு ஒரு சின்ன அனுகூலம் இருக்கிறது. இளம் சிவப்பு ஒயினைக் குடித்தால் நாக்கு வறண்டு, ஈறு இழுத்துப் பிடிக்கிறதே, அதை இங்கே வகுப்பில் சுவை என்று சொல்லக் கூடாது; அது தொடு உணர்ச்சி என்று திருத்துவார்கள். நாமோ துவர்ப்பு என்று பெயர் வைத்து, இனிப்பு புளிப்புக்குச் சமமாக அறுசுவையில் ஒன்றாக உட்கார வைத்திருக்கிறோம். வாழைப்பூ, பாக்கு, மாதுளைத் தோல், நாவல் பழம் என்று சின்ன வயதிலிருந்தே பழக்கம். வகுப்பில் பிரெஞ்சுப் பையன்கள் முகம் சுளித்த ஒயினை நான் சாதாரணமாகக் குடித்ததற்கு வீரம் காரணமில்லை, பாக்கு மெல்லும் பாட்டி காரணம்.

அந்தத் துவர்ப்பைக் கொடுப்பது தோலிலும் விதையிலும் இருந்து வரும் டானின்கள். அவை உமிழ்நீரில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால்தான் வாய் வறள்கிறது. வருடக்கணக்கில் புட்டிக்குள் கிடக்கும்போது டானின்கள் ஒன்றோடொன்றும் நிறமிகளோடும் கைகோத்துக்கொள்கின்றன. சில பெரிதாகி அடியில் வண்டலாகத் தங்கிவிடும். சங்கிலி நீண்டால் துவர்ப்பு மட்டுப்படும் என்று எளிமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு நேர்க்கோடு இல்லை, சங்கிலிகள் உடையவும் செய்கின்றன என்று இப்போது சொல்கிறார்கள். எப்படியோ, ஊதா நிறம் செங்கல் நிறமாகிறது, முரட்டுத்தனம் குறைகிறது.

இங்கேதான் பலரும் மறக்கிற விஷயம் இருக்கிறது. புட்டிக்குள் ஓடுவது ஒரு கடிகாரம் அல்ல, இரண்டு. ஒன்று துவர்ப்பு இளகும் கடிகாரம். இன்னொன்று பழ வாசனை மங்கும் கடிகாரம். துவர்ப்பு இளகும்போது பழம் இன்னும் மிச்சம் இருந்தால் அதுதான் எல்லோரும் கனவு காண்கிற பழைய ஒயின். பழ வாசனை முந்திக்கொண்டு மங்கிவிட்டால்? எத்தனை வருடம் காத்திருந்தாலும் பாக்குத் தண்ணீர்தான்.

1975 விண்டேஜ் இதற்குப் பேர்போனது. 1972, 1973, 1974 என்று மூன்று வருடம் வரிசையாகச் சொதப்பிய பிறகு வந்ததால் அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். கடும் டானின், அதனால் நெடுங்காலம் நிற்கும் என்பது கணிப்பு. நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர், எண்பதைத் தாண்டிய மதாம், மகள் பிறந்த வருடம் என்று அவர் கணவர் வாங்கிய ஒரு பெட்டி 1975ஐ இன்னும் நிலவறையில் வைத்திருக்கிறார். (எந்த ஷாத்தோ என்பது வேண்டாமே.) மகளின் பத்து வயதில் ஒன்று திறந்தார்களாம், முரடாக இருந்தது. இருபதில் ஒன்று, இன்னும் முரடு. கல்யாணத்துக்குத் திறக்கலாம் என்று எடுத்து, இன்னும் ஐந்து வருடம் போகட்டும் என்று திரும்ப உள்ளே வைத்தாராம் அந்த மனிதர். அந்த ஐந்து வருடம் முடிவதற்குள் அவர் இறந்துவிட்டார். போன வருடம் மதாம் எனக்காக ஒன்றைத் திறந்தார். நிறம் அழகாக இருந்தது. வாயில் வைத்தால் துவர்ப்பு மட்டும் அப்படியே இருக்கிறது, பின்னால் ஒன்றுமே இல்லை. ஆளில்லாத வீட்டுக்குப் பூட்டு தொங்குகிற மாதிரி. மதாம் ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரித்தார், பிறகு மீதியை மாட்டிறைச்சிக் குழம்பில் ஊற்றினார். குழம்பு நன்றாக இருந்தது.

எல்லா 1975ம் இப்படி என்று சொல்ல வரவில்லை. வலது கரையில், முக்கியமாகப் பொமெரோலில், அருமையானவை இருக்கின்றன. ஆனால் "டானின் அதிகம், ஆகவே காத்திருந்தால் பொன்னாகும்" என்ற கணக்கு தவறியதற்கு இது சாட்சி. 1982 எதிர்ப்பக்கத்துச் சாட்சி. அந்த வருடம் ஒயின்கள் பீப்பாயிலேயே மென்மையாக, பழச் சதைப்பற்றோடு இருந்தன. புளிப்பு குறைவு, நிலைக்காது என்று சிலர் சொன்னார்கள். அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் ஒரேயடியாகப் புகழ்ந்தார், அவர் பெயர் நிலைத்ததே அந்த விண்டேஜினால்தான். நாற்பது வருடம் தாண்டியும் நல்ல 1982கள் கம்பீரமாக நிற்கின்றன. ஆக, கடுமையாக இருந்தது பல இடங்களில் காய்ந்து போனது, இளமையிலேயே இனிமையாக இருந்தது நின்றது. இரண்டிலும் நிபுணர்களில் ஒரு பெரும் பகுதி ஆரூடத்தில் கோட்டைவிட்டது.

இன்னும் வேடிக்கையானது 1976ல் பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் நடத்திய போட்டி. பிரெஞ்சு நடுவர்கள் பெயர் தெரியாமல் சுவைத்து, மூத்தோன் 1970ஐயும் ஓபிரியோன் 1970ஐயும் தாண்டி கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973க்கு முதலிடம் கொடுத்தார்கள். உடனே வந்த சமாதானம், "எங்கள் ஒயின் இன்னும் இளசு, முப்பது வருடம் கழித்துப் பாருங்கள்." 2006ல் பார்த்தார்கள். அதே சிவப்பு ஒயின்கள். முதல் ஐந்து இடமும் கலிபோர்னியாவுக்கு! முதலில் வந்தது ரிட்ஜ் மோன்ட்டி பெல்லோ 1971. இதனால் பிரெஞ்சு ஒயின் மட்டம் என்று ஆகிவிடாது. ஆனால் எது முதிரும், எது முதிராது என்பதை முன்கூட்டியே சொல்வதில் யாருக்கும் ஏகபோகம் இல்லை என்பது மட்டும் உறுதி.

ஆனால் போர்தோவின் வியாபாரமே இந்த ஆரூடத்தின் மேல்தான் நிற்கிறது. செப்டம்பர், அக்டோபரில் பறித்த திராட்சையின் ஒயினை அடுத்த வசந்தத்தில், ஆறு மாதக் குழந்தையாகப் பீப்பாயில் இருக்கும்போதே சுவைத்து மதிப்பெண் போடுகிறார்கள். அதை வைத்து விலை. பணத்தை இப்போது கொடுத்துவிட வேண்டும், புட்டி கைக்கு வர இன்னும் ஒன்றரை இரண்டு வருடம் ஆகும். ஷாத்தோ லத்தூரே 2012ல் இந்த முறையை விட்டு விலகி, ஒயின் ஓரளவு முதிர்ந்த பிறகுதான் வெளியே விடுவேன் என்று முடிவெடுத்தது. ஷாத்தோ பவி 2003 ஞாபகம் இருக்கிறதா? ஐரோப்பாவே வெந்த கோடையின் ஒயின். பார்க்கர் அதை வானளாவப் புகழ்ந்தார். லண்டனின் ஜான்சிஸ் ராபின்சன் இருபதுக்குப் பன்னிரண்டு போட்டார். இருவரும் உலகின் மிகத் தேர்ந்த நாக்குகள். இருவரும் சுவைத்தது ஒரே ஒயின். நாமெல்லாம் எந்த மூலைக்கு?

நாக்கை நம்பலாமா என்ற கேள்விக்கு என் பல்கலைக்கழக ஊரே ஒரு பதில் வைத்திருக்கிறது. 2001ல் வெளிவந்த ஆய்வு. வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து, ஒயின் படிப்பு படிக்கும் 54 பேரிடம் கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்கான சொற்களால் அதை வர்ணித்தார்கள். கண் பார்த்ததை மூக்கு ஆமோதிக்கிறது. நிறத்துக்கே இந்தக் கதி என்றால், லேபிளில் 1982 என்று இருப்பதைப் பார்த்த நாக்கு என்ன செய்யும்?

அதனால்தான் நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து காசு போட்டு ஒரு காரியம் செய்தோம். சாஞ்சூலியான் கிராமத்து ஷாத்தோ ஒன்று, 1855 பட்டியலில் உண்டு, ஆனால் உச்சியில் இல்லை. அதன் 1982, 1985, 1986, 1987, 1988. இதில் 1986 மட்டும் இரண்டு புட்டி, வேறு வேறு இடத்தில் வாங்கியது. எல்லாவற்றையும் ஒருநாள் முழுக்க நிற்க வைத்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வண்டல் வராமல் வடித்து, புட்டிகளுக்குச் சாக்ஸ் மாட்டி (துவைத்த சாக்ஸ்தான்) எண் போட்டோம்.

முடிவு? எட்டில் ஐந்து பேர் முதலிடம் கொடுத்தது 1985க்கு. அந்த வருடத்தை யாரும் நூற்றாண்டின் விண்டேஜ் என்று சொன்னதில்லை. எல்லாம் அளவாக இருந்த, தகராறு இல்லாத வருடம். உலர்ந்த அத்தி, புகையிலை, மழை ஓய்ந்த பின் சருகிலிருந்து எழும் மணம். குறிப்பேட்டில் பிரெஞ்சுக்காரர்கள் "தோல், காட்டுத்தரை" என்று எழுதினார்கள், நான் "தாத்தாவின் வெற்றிலைப் பெட்டி" என்று எழுதினேன். இரண்டும் ஒன்றுதான். 1982 இரண்டாவது. அதைக் குறை சொல்ல மாட்டேன், வாயை நிறைத்தது, நீண்ட நேரம் நின்றது. ஆனால் அதன் விலைக்கு 1985 இரண்டு வாங்கியிருக்கலாம், இரண்டு 1985 ஒரு 1982ஐ விட நிச்சயம் அதிக சந்தோஷம். 1988 விறைப்பான ஹெட்மாஸ்டர் போல, தப்பில்லை, பிரியமும் வரவில்லை.

1986 தான் விசேஷம். ஒரு புட்டி இறுக்கமாக, ஆழமாக, இன்னும் பத்து வருடம் போகும் போலிருந்தது. இன்னொன்று களைத்துப்போய், வினிகர் வாடையின் விளிம்பில். ஒரே வருடம், ஒரே ஷாத்தோ, ஒரே பெயர்! தக்கை வழியாக நுழையும் துளித்துளி ஆக்சிஜன் தக்கைக்குத் தக்கை மாறும், ஒருவர் குளிர்ந்த நிலவறையில் வைத்திருப்பார், இன்னொருவர் கணப்புக்குப் பக்கத்தில். முப்பது நாற்பது வருடம் கழித்து வருடத்தை விடப் புட்டியின் தலையெழுத்துதான் பேசுகிறது. 1982ஐயும் 1986ஐயும் ஒப்பிட்டேன் என்று யாராவது சொன்னால், அவர் ஒப்பிட்டது இரண்டு புட்டிகளை. அவ்வளவுதான்.

1987? அறுவடையில் மழை, வெளுத்துப்போன வருடம், பத்து வருடத்துக்குள் குடித்துவிடுங்கள் என்பதுதான் அன்று சொன்ன அறிவுரை. வந்ததிலேயே மலிவு. கிளாஸில் ஊற்றியதும் மெல்லிய ரோஜா மணம், இலேசான இனிமை. இருபது நிமிடம். அப்புறம் தேநீர்த் தண்ணீர். அந்த இருபது நிமிடத்தில் ஒருவர் அதை 1985 என்றே சத்தியம் செய்தார் :-) முப்பது வருடத்துக்கு முன்னால் அது எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அப்போது அதை வாங்கியவர்கள் பெரிய வருடத்து ஒயினை உள்ளே பூட்டி வைத்துவிட்டு, இதைச் சாதாரணச் சாப்பாட்டோடு குடித்திருப்பார்கள். கொடுத்து வைத்தவர்கள்.

உச்சாணியில் இருக்கும் பழைய வருடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1945 பர்கண்டியை எத்தனை பேர் குடித்திருப்பார்கள்? ஒப்பிட ஆளே இல்லாத இடத்தில் மோசடி எளிது. 2008ல் நியூயார்க் ஏலத்துக்கு வந்த போன்சோ குடும்பத்தின் குளோ சேன் தெனி 1945ஐ லோரான் போன்சோ நேரில் போய் நிறுத்தினார். காரணம், அவர் குடும்பம் அந்தத் தோட்டத்து ஒயினைச் செய்ய ஆரம்பித்ததே 1980களில்! அந்தப் புட்டிகளைக் கொடுத்த ரூடி குர்னியவானுக்கு 2014ல் பத்து வருடச் சிறைத் தண்டனை. அவர் கலந்து கொடுத்ததை மேதைகள் பலர் பரவசத்தோடு குடித்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

எதிர்வாதமும் நியாயமானதே. சின்ன வருடத்து ஒயின் எத்தனை நன்றாக இருந்தாலும், நல்ல நிலவறையில் கிடந்த ஒரு 1961 உச்சத்தில் கொடுப்பதை அது கொடுக்காது என்பார்கள். கொடுக்காதுதான். அந்த 1961, பூக்கும் காலத்துக் குளிரில் பாதிக் காய் கொட்டிப்போய், மிச்சமிருந்த கொஞ்சம் பழத்தில் எல்லாச் சாரமும் இறங்கியதால் கிடைத்த விபத்து. ஆனால் "இருபது வருடம் காத்திரு" என்ற விதியே அந்தக் காலத்து ஒயினுக்கானது. எமில் பெய்னோ போன்றவர்கள் வந்து, பழம் நன்றாகப் பழுத்த பிறகு பறி, அழுகலைப் பொறுக்கி எடு, நொதிக்கும்போது வெப்பத்தைக் கட்டுப்படுத்து என்று கற்றுக்கொடுத்த பிறகு ஒயின் மாறிவிட்டது. இப்போது பருவநிலையும் மாறிவிட்டது. 1970களில் சர்க்கரை சேர்த்துப் பன்னிரண்டு சதவீத ஆல்கஹால் எட்டத் தவித்தவர்கள், இன்று வெயில் வருடங்களில் தானாகவே பதினான்கைத் தாண்டுகிறார்கள். 2009, 2018, 2022 எல்லாம் நாற்பது வயதில் எப்படி இருக்கும் என்று 1961ஐ வைத்துச் சொல்ல முடியாது. முன்னுதாரணமே இல்லாத ஜாதகம்.

ஆகவே காசு குறைவாக உள்ளவர்களுக்கு என் சிபாரிசு: நல்ல தயாரிப்பாளரின் பேசப்படாத வருடம். 2000த்தின் நிழலில் மறைந்த 2001 இன்றைக்கு அருமையாக இருக்கிறது, அதற்கு விலையும் ஏறிவிட்டது. 2012ல் வலது கரை, 2014ல் மெதோக். 2004ஐ மறந்தே விட்டார்கள், கிடைத்தால் விடாதீர்கள். வாங்கும்போது வருடத்துக்கு முன்னால் புட்டிக்குள் ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். கழுத்தில் நின்றால் நல்லது, தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் 1945ஆக இருந்தாலும் தொடாதீர்கள்.

நான் 2021ல் இரண்டு புட்டி வாங்கினேன். ஏப்ரலில் உறைபனி, கோடையில் இலைப் பூஞ்சை, யாரும் பெரிதாகப் புகழாத வருடம். ஒன்று என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் அன்று திறப்பதாக உத்தேசம். இன்னொன்றை மதாமிடம் கொடுத்தேன். நிலவறைப் படியில் கால் வைக்கப் போனவரைத் தடுத்து, ஞாயிற்றுக்கிழமையே திறந்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.